பிரிந்த நாட்டுக்கு ஒரு பொதுக் கூடம்: கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் வாழ்க்கை

வங்காளதேசத்தின் பண நோட்டுகளில் ஒரு கட்டடத்தின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. சாம்பல் நிறச் சுவர்கள். சுவர்களில் வட்டமும் முக்கோணமுமாகப் பெரிய பெரிய திறப்புகள். சுற்றிலும் தண்ணீர். அது டாக்கா நகரில் உள்ள நாடாளுமன்றக் கட்டடம். மலேசியாவின் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு அது பழகிய படம்.

அதை வரைந்தவர் வங்காளி அல்லர். முஸ்லிமும் அல்லர். பால்டிக் கடல் தீவு ஒன்றில் சிறுவயதைத் தொடங்கி, அமெரிக்காவில் வறுமையில் வளர்ந்த யூதர். அவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தபோது வங்காளதேசம் என்றொரு நாடே இல்லை. ஒப்படைத்தது பாகிஸ்தான் அரசு. இரண்டு துண்டாகக் கிடந்த நாட்டில், மனம் புண்பட்டிருந்த கிழக்குப் பகுதி மக்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிய கட்டடம் அது. கட்டி முடிவதற்குள் நாடே பிரிந்துவிட்டது. சமாதானத்துக்குக் கட்டியது, பிரிந்துபோன மக்களின் பெருமையாக மாறியது.

அந்தக் கட்டடக் கலைஞரின் பெயர் லூயிஸ் கான். பாகிஸ்தான் அதிபராக இருந்த அயூப் கானுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. இவர் பெயரில் உள்ள கான், ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கும் குடும்பப் பெயர்.

தீக்காயத்தோடு வளர்ந்த பிள்ளை

லூயிஸ் கான் 1901ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த எஸ்தோனியாவின் சாரேமா தீவில் அவருடைய சிறுவயது தொடங்கியது. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அமெரிக்கா போன பிறகு, 1915இல் குடும்பமே பெயரை மாற்றிக்கொண்டது.

மூன்று வயதில் அவருக்கு ஒரு விபத்து நேர்ந்தது. அடுப்பில் கனன்ற நிலக்கரியின் ஒளி அவரை இழுத்தது. கங்குகளை எடுத்துத் தன் ஆடையில் போட்டுக்கொண்டார். ஆடை தீப்பற்றி முகமும் கைகளும் வெந்துபோயின. இப்படிப் பிழைப்பதைவிடப் பிள்ளை போய்விடுவதே மேல் என்று தகப்பனார் கலங்கினாராம். தாயார் மட்டும், இவன் பெரிய ஆளாக வருவான் என்று உறுதியாக இருந்தாராம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை இது. முகத்துத் தழும்பு கடைசிவரை போகவில்லை. ஒளியின் மேல் இருந்த மோகமும் போகவில்லை. பிற்காலத்தில் அவர் கட்டிய எல்லாக் கட்டடங்களிலும், வெளிச்சம் எந்த வழியாக எப்படி உள்ளே வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

தகப்பனார் 1904இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். இரண்டு ஆண்டு கழித்துத் தாயும் பிள்ளைகளும் பின்தொடர்ந்தார்கள். பிலடெல்பியா நகரில், குடியேறிகள் நிறைந்த ஏழைப் பகுதியில் குடித்தனம். பென்சில் வாங்கவும் காசு இல்லாத வீட்டில், குச்சிகளை எரித்துக் கரியாக்கி அதை வைத்துப் படம் வரைந்தார் சிறுவன் லூயிஸ். பேசாப் படங்கள் ஓடிய திரையரங்குகளில் பியானோ வாசித்து வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தார்.

படம் வரைவதில் பரிசுகள் வாங்கியவர், பள்ளியின் கடைசி ஆண்டில் கட்டடக் கலை பற்றிய பாடத்தைக் கேட்டார். அன்றே தன் வழி எது என்று முடிவு செய்துகொண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து 1924இல் பட்டம் பெற்றார்.

ஐம்பது வயதுவரை பெயர் தெரியாதவர்

பட்டம் கையில் வந்தும் காலம் கைகொடுக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் கட்டட வேலை நின்றுபோனது. லூயிஸ் கானும் வேலை இழந்தார். சும்மா இருக்கவில்லை. தன்னைப்போல் வேலையற்றுக் கிடந்த கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, ஏழைகளுக்கான குடியிருப்புகளை எப்படிக் கட்டலாம் என்று ஆராய்ந்தார். அந்த ஆண்டுகளில் மனைவி எஸ்தரின் சம்பளம் குடும்பத்தைத் தாங்கியது.

1947 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1950இல் ரோம் நகரில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து கிரேக்கத்துக்கும் எகிப்துக்கும் போனார். பழைய கோவில்கள், பிரமிடுகள், இடிந்த மண்டபங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அரசுகள் போய்விட்டன, ஆனால் சுவரும் அதன்மேல் விழும் வெயிலும் இன்னும் மனிதரைத் தொடுகின்றன. அந்தப் பயணம் அவரை மாற்றியது. கண்ணாடியும் எஃகுமாக மெலிந்த கட்டடங்கள் அன்றைய நாகரிகம். அவரோ கனமான சுவர்களுக்கும் எளிய வடிவங்களுக்கும் திரும்பினார்.

1953இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 52. உலகம் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். அடுத்துக் கலிபோர்னியாவின் கடலோரத்தில் சால்க் ஆய்வுக் கழகத்தைக் கட்டும் வேலை வந்தது. அறுபது வயதைத் தொடும்போது, அமெரிக்காவின் முன்னணிக் கட்டடக் கலைஞர்களில் ஒருவர் ஆகியிருந்தார்.

இரண்டு சிறகு, ஒரு நாடு

அதே காலத்தில், உலகின் மறுபக்கத்தில் ஒரு நாடு தவித்துக்கொண்டிருந்தது.

1947இல் இந்தியா பிரிக்கப்பட்டுப் பாகிஸ்தான் உருவானது. அந்தப் புதிய நாடு ஒரே நிலப்பரப்பாக இல்லை. மேற்குப் பாகிஸ்தானுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் அகலத்துக்கு இந்தியா கிடந்தது. மதம் ஒன்று. மொழி, உணவு, உடை, மழை, மண் எல்லாம் வேறு.

மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கிழக்கில் இருந்தார்கள். ஆனால் தலைநகரும் படையும் உயர் பதவிகளும் மேற்கின் கையில் இருந்தன. கிழக்கில் விளைந்த சணல் வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணம் பெரும்பாலும் மேற்கில் செலவாகிறது என்ற மனக்குறை வளர்ந்தது.

மொழி விவகாரம் அந்தக் குறையைப் புண்ணாக்கியது. உருது மட்டுமே நாட்டின் அரசு மொழி என்று 1948இல் டாக்காவிலேயே அறிவிக்கப்பட்டது. வங்காளிகள் எதிர்த்தார்கள். 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி டாக்காவில் மாணவர்கள் ஊர்வலம் போனபோது காவல்துறை சுட்டது. இளைஞர்கள் உயிரிழந்தார்கள். இன்று உலகம் முழுவதும் பிப்ரவரி 21 அனைத்துலகத் தாய்மொழி தினமாக நினைவுகூரப்படுவது இதனால்தான். 1956இல் வங்காள மொழிக்கும் அரசு மொழி என்ற தகுதி கிடைத்தது. ஆனால் இரண்டாந்தரக் குடிமக்கள் என்ற உணர்வு நீங்கவில்லை.

1958இல் இராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். மேற்கில் இஸ்லாமாபாத் என்ற புதிய தலைநகரைக் கட்ட முடிவெடுத்தார். கிழக்கின் மனக்குறையைத் தணிக்க, டாக்காவை இரண்டாவது தலைநகர் ஆக்குவதாகவும் நாடாளுமன்றம் அங்கே கூடும் என்றும் அறிவித்தார். வாக்களிக்கும் உரிமையும் சமமான பங்கும் கேட்ட மக்களுக்கு ஒரு கட்டடம் கிடைத்தது. அதிகாரம் எதையும் விட்டுத்தராமல் செங்கல்லைக் காட்டிச் சமாளிக்கிறார்கள் என்று கிழக்கில் பலர் நினைத்ததில் வியப்பில்லை.

விட்டுக்கொடுத்த ஒரு வங்காளி

அந்தக் கட்டடத்தை வரையும் வாய்ப்பு முதலில் முசாருல் இஸ்லாம் என்ற வங்காளக் கட்டடக் கலைஞரைத் தேடி வந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் நவீனக் கட்டடக் கலையைத் தொடங்கிவைத்தவர் அவர். எந்தக் கலைஞருக்கும் வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு. அவர் அதைத் தனக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. உலகத்தரமான ஒருவர் வந்து கட்டினால், பார்த்துக் கற்றுக்கொண்டு தன் நாட்டு இளைஞர்கள் வளர்வார்கள் என்று எண்ணினார்.

சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியேவை முதலில் அணுகினார்கள். அவருக்கு நேரம் இல்லை. பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோவும் வர இயலவில்லை. மூன்றாவது பெயர் லூயிஸ் கான். 1962இல் அவர் ஒப்புக்கொண்டார். 1963ஆம் ஆண்டு தொடக்கத்தில் டாக்காவில் வந்து இறங்கினார்.

அதே 1962இல் இந்தியாவின் அகமதாபாத்தில் மேலாண்மைக் கழகம் கட்டும் பணியையும் அவர் ஏற்றிருந்தார். பிரிந்துபோன துணைக்கண்டத்தின் இரு பக்கத்துக்கும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் கட்டடம் வரைந்தார். 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போர் புரிந்தபோது, பிலடெல்பியாவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் இரு நாடுகளின் வரைபடங்களும் இருந்தன.

வயல்வெளியில் ஒரு கோட்டை

டாக்காவில் அவருக்குக் காட்டப்பட்ட இடம் வெறும் வயல்வெளி. சமதரை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் நிலம். ஆற்று வண்டல் படிந்த நாட்டில் கட்டடக் கல்லுக்கும் பஞ்சம். அங்கே கிடைப்பது களிமண்ணும் அதைச் சுட்ட செங்கல்லும்தான்.

லூயிஸ் கான் அந்த நிலத்தின் வழக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டார். வங்காளக் கிராமத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் குளம் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை மேடாகக் கொட்டி, அதன்மேல் வீட்டை எழுப்புவார்கள். வெள்ளம் வந்தாலும் வீடு தப்பும். நாடாளுமன்றத்தைச் சுற்றி அவர் ஏரி அமைத்தார். உறுப்பினர்கள் தங்கும் விடுதிகளை உள்ளூர்ச் செங்கல்லாலேயே கட்டினார். 200 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வளாகத்தில், செங்கல் கட்டடங்களுக்கு நடுவே நாடாளுமன்றம் மட்டும் கான்கிரீட்டில் எழுந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் கோட்டைபோல இருக்கும். நடுவில் எட்டு மூலைக் கூடம், அதைச் சுற்றி எட்டுக் கட்டடத் தொகுதிகள். நடுக்கூடத்தில் 354 உறுப்பினர்கள் அமரலாம். கூடத்துக்கும் சுற்றுத் தொகுதிகளுக்கும் இடையில், கூரைவரை உயர்ந்த ஒரு வழி தெருபோல வளைந்து ஓடுகிறது. எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் அந்தத் தெருவில்தான் கால் வைக்க வேண்டும். ஆளும் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் எதிரெதிரே வந்தாக வேண்டும். சட்டம் கூடத்தில் இயற்றப்படலாம், ஆனால் ஒருவர் மனதை ஒருவர் அறிவது நடைவழியில்தான் என்பதில் அவருக்கு உறுதி இருந்தது.

அரசு கொடுத்த பட்டியலில் தொழுகைக்கு ஓர் அறை இருந்தது. அதைச் சிறு அறையாக ஒரு மூலையில் ஒதுக்க லூயிஸ் கானுக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் ஒன்றுகூடும் எந்த இடமும் புனிதமானது என்பது அவர் எண்ணம். தொழுகைக் கூடத்தைப் பெரிதாக்கி, தெற்கு வாசலுக்கு மேலேயே வைத்தார். அந்த வழியாக நுழைகிறவர்கள் அதன் கீழே நடந்துதான் அவைக்குப் போக வேண்டும். மக்காவை நோக்கி இருக்க வேண்டும் என்பதற்காக, கட்டடத்தின் நேர்க்கோட்டிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் சற்றுத் திருப்பினார். முஸ்லிம் நாட்டின் நாடாளுமன்றத்தில் தொழுகைக் கூடம் வரைந்த அதே கை, 1960களின் இறுதியில் ஜெருசலத்தில் 1948 போரில் இடிக்கப்பட்ட ஒரு யூத வழிபாட்டு இல்லத்தைத் திரும்பக் கட்டவும் வரைபடம் போட்டது. அது கட்டப்படவில்லை.

வெயிலும் மழையும் கடுமையான ஊர் அது. ஆகவே வெளிச்சுவரைத் தனியாக நிறுத்தி, அதில் பெரிய வட்டங்களையும் முக்கோணங்களையும் வெட்டித் திறந்தார். அறைகளின் சன்னல்கள் அதற்கு உள்ளே தள்ளி இருக்கின்றன. வெயில் முதல் சுவரில் பட்டு, மென்மையாகி உள்ளே போகிறது. நடுக்கூடத்துக்கோ மேலே குடைபோன்ற கூரை. அதன் ஓரங்களிலிருந்து பகல் வெளிச்சம் இறங்கி வருகிறது.

தலைச்சுமையில் எழுந்த சுவர்

1964இல் வேலை தொடங்கியது. பெரிய இயந்திரங்கள் குறைவு. மூங்கில் சாரம் கட்டினார்கள். ஆண்களும் பெண்களும் கான்கிரீட் கலவையைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ஏறினார்கள்.

கையால் ஊற்றும் கான்கிரீட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 அடிதான் உயரும். மறுநாள் அதன்மேல் ஊற்றும்போது, இரண்டும் சேரும் இடம் சீராக வராது. மேடுபள்ளமாகக் கோடு தெரியும். வேறொருவராக இருந்தால் பூசி மறைக்கச் சொல்லியிருப்பார், அல்லது தொழிலாளர்களைத் திட்டியிருப்பார். லூயிஸ் கான் அந்த இணைப்புகளில் வெள்ளைப் பளிங்குக்கல் பட்டைகளைப் பதிக்கச் செய்தார். குறை தெரிந்த இடம் அழகாகிவிட்டது. மழைநீர் சுவரில் வழிந்து கறை படிவதையும் அந்தப் பட்டைகள் தடுத்தன. இன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் சுவரில் வெள்ளைக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் பெயர் தெரியாத தொழிலாளர்களின் ஒரு நாள் உழைப்பு எங்கே முடிந்தது என்பதைக் காட்டுகிறது.

வேலை வேகமாக நடக்கவில்லை. லூயிஸ் கான் வரைந்ததையே திரும்பத் திரும்ப மாற்றுகிறவர். அரசு அதிகாரிகள் பொறுமை இழந்தார்கள். ஏழை நாட்டுக்கு இவ்வளவு செலவில் ஒரு கட்டடம் தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. பசியும் வெள்ளமும் வாட்டிய மண்ணில் அந்தக் கேள்வியைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

நாடு உடைந்தது, வரைபடம் நிற்கவில்லை

1970 நவம்பரில் பெரும் புயல் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கியது. இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். உதவி வந்து சேரத் தாமதமானது, மக்களின் கோபத்தைக் கொதிக்க வைத்தது. அடுத்த மாதமே பொதுத் தேர்தல். ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக், கிழக்கின் தொகுதிகளை ஏறக்குறைய முழுவதுமாக வென்று, நாடு முழுமைக்கும் பெரும்பான்மை பெற்றது.

புதிய அவை 1971 மார்ச் 3ஆம் தேதி டாக்காவில் கூடுவதாக இருந்தது. எந்த மக்களைச் சமாதானப்படுத்த நாடாளுமன்றம் கட்டப்பட்டதோ, அந்த மக்கள் தேர்தலில் நேர்மையாக வென்றபோது அவையைக் கூட்ட மறுத்தார்கள் ஆட்சியாளர்கள். மார்ச் 1ஆம் தேதி கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 25ஆம் தேதி இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. ஒன்பது மாதப் போர். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் போனார்கள். டிசம்பர் 16ஆம் தேதி பாகிஸ்தான் படை சரணடைந்தது. வங்காளதேசம் பிறந்தது.

பாதி எழுந்த நாடாளுமன்றம் போரில் பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. சுவர்களில் பெரிய ஓட்டைகளோடு நின்ற அதைப் பழைய இடிபாடு என்று நினைத்து விமானிகள் குண்டு போடாமல் விட்டார்கள் என்று டாக்காவில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். ரோமின் இடிபாடுகளில் பாடம் படித்தவர் கட்டிய கட்டடத்துக்கு அது பொருந்திவருகிறது.

போர் நடந்த மாதங்களில் டாக்காவில் வேலை நின்றது. பணம் தர அரசு இல்லை. நாளை எந்த நாடு இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. பிலடெல்பியாவில் லூயிஸ் கானின் அலுவலகம் மட்டும் வரைபடங்களைத் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தது. எந்த அரசு வந்தாலும் மக்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்ற நம்பிக்கை அது.

சுதந்திர வங்காளதேசம் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. அயூப் கான் ஆட்சி தொடங்கிய கட்டடம் என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். பழைய ஆட்சியின் சின்னம் என்று இடித்திருக்கலாம். வறுமையைக் காரணம் காட்டிக் கைவிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். புதிய அரசு லூயிஸ் கானையே தொடரச் சொன்னது. தங்கள் மண்ணின் செங்கல், தங்கள் மக்களின் தலைச்சுமை, தங்கள் ஊர்க் குளம்போன்ற ஏரி. அதில் மேற்குப் பாகிஸ்தானின் முத்திரை எதுவும் இல்லை. ஆகவே அது அவர்களுடையதாகிவிட்டது.

யாரும் அடையாளம் காணாத மரணம்

1974 மார்ச் மாதம் லூயிஸ் கான் அகமதாபாத் சென்று அமெரிக்கா திரும்பினார். மார்ச் 17ஆம் தேதி, நியூயார்க்கின் பென்சில்வேனியா இரயில் நிலையக் கழிவறையில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 73. கடப்பிதழில் இருந்த முகவரியை அவரே அடித்துவிட்டிருந்தார். ஆகவே வீட்டுக்கு உடனே தகவல் போகவில்லை. உலகப் புகழ் பெற்ற கலைஞரின் உடல் இரண்டு நாள்களுக்குப் பிணவறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அவர் நிறுவனமோ பெரும் கடனில் இருந்தது.

மக்களை ஒன்றுகூட்டும் கூடங்களைக் கட்டியவரின் சொந்த வாழ்க்கை ஒன்றுகூடவில்லை. எஸ்தர் மூலம் ஒரு மகள். தம்மோடு பணியாற்றிய இரண்டு பெண்கள் மூலம் ஒரு மகளும் ஒரு மகனும். மூன்று குடும்பங்களும் ஒரே வட்டாரத்தில் தனித்தனியே வாழ்ந்தன. மகன் நத்தானியேலுக்கு அப்போது வயது 11. தகப்பன் யார் என்று தேடிப் போன அந்த மகன் எடுத்த ஆவணப்படம் 2003இல் வெளிவந்து ஆஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது. படத்தின் இறுதிப் பயணம் டாக்காவில் முடிகிறது. தகப்பனைப் பற்றிக் குறைபட எல்லாக் காரணமும் உள்ள மகனிடம், வங்காளதேசக் கட்டடக் கலைஞர் ஒருவர் கண் கலங்கப் பேசுகிறார். இந்த ஏழை நாட்டுக்காக அவர் தம்மையே கொடுத்துவிட்டார், உங்களுக்குக் கொடுக்க அவரிடம் மிச்சமில்லாமல் போயிருக்கலாம் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

திறந்த கதவும் மூடிய கதவும்

லூயிஸ் கான் இறந்த பிறகு, அவரோடு நெடுநாள் உழைத்த டேவிட் விஸ்டம், ஹென்றி வில்காட்ஸ் முதலியோர் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். 1982 ஜனவரி 28ஆம் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. பிப்ரவரியில் முதல் கூட்டம் நடந்தது. மார்ச் 24ஆம் தேதி இராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். இருபது ஆண்டு காத்திருந்த மக்களின் நாடாளுமன்றம் இரண்டே மாதத்தில் அமைதியாகிப்போனது.

நல்ல கட்டடம் இருந்தால் நல்லாட்சி வந்துவிடாது என்பதற்கு அது சான்று. ஆனாலும் கட்டடம் வீணாகவில்லை. அதன் முன்னே விரிந்த தெற்குத் திடலிலும் புல்வெளியிலும் டாக்கா மக்கள் காலையில் நடந்தார்கள். மாலையில் குடும்பத்தோடு அமர்ந்தார்கள். பிற்காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டி வேலிகள் போடப்பட்டபோது, அதைத் தங்கள் இடத்தைப் பறிப்பதாகவே பலர் உணர்ந்தார்கள். 1989இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அந்த நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது. 1990இல் மக்கள் கிளர்ச்சியில் எர்ஷாத் பதவி விலகினார். 1991 தேர்தலுக்குப் பிறகு மக்கள் பிரதிநிதிகள் அந்தக் கூடத்தில் மீண்டும் அமர்ந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறிய அன்று, டாக்கா மக்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. கோபத்தில் நுழைந்தவர்களும் மகிழ்ச்சியில் நுழைந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாட்டில் எது நடந்தாலும் மக்களின் கால் முதலில் திரும்பும் இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டிருந்தது.

பாகிஸ்தானைப் பிரியாமல் காக்க அந்தக் கட்டடத்தால் முடியவில்லை. உரிமையைக் கொடுக்க மறுத்துக் கட்டடத்தை மட்டும் கொடுத்தவர்களை எந்தக் கலைஞராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் அவமானப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்து பார்க்க, உலகத்தின் எந்த நாடாளுமன்றத்துக்கும் குறையாத ஒன்று அவர்கள் மண்ணிலேயே நின்றது. அதைக் கட்டியது அவர்களுடைய கைகள். லூயிஸ் கான் அதை முழுமையாகப் பார்க்கவில்லை. டாக்காவில் கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தச் சுவர்களின் முன் நின்று பாடம் படிக்கிறார்கள். தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்த முசாருல் இஸ்லாம் விரும்பியதும் அதுவே.